கடைமடை நெல்

அந்த ஜமீனில் சாட்டைக்குப் பயப்படாத ஆளே கிடையாது. ஜமீன்தார் புதிதாக ஒரு விதைநெல் கொண்டுவந்தார். ஊர் நெல்லோடு அதற்குப் போட்டி வைத்தார். தண்ணீர் முதலில் பாயும் மடையோர வயல் தன் நெல்லுக்கு. சொட்டுத் தண்ணீரும் எட்டாத கடைமடை வயல் ஊர் நெல்லுக்கு.

"உங்க நெல்லு தோத்தா, ஊர் விதை பூராவும் கொளுத்திருவேன்" என்றார்.

இரண்டு வயலிலும் விதைத்தவள் கூலிக்காரி மாடத்தி.

அறுப்பன்று ஊரே வயலோரம் கூடியது. காவல்காரன் தீப்பந்தத்தோடு நின்றான். மடையோரம் கதிர் பாரத்தில் சாய்ந்திருந்தது. கடைமடையில் எல்லாம் பதர்.

"இதெல்லாம் ஒரு நெல்லா? இந்த விதை எந்தக் களஞ்சியத்துல இருந்தாலும் கொளுத்துடா!" என்று கத்தினார் ஜமீன்தார்.

மாடத்தி காலில் விழுந்தாள்.

"எசமான், ரெண்டு வயல்லயும் நான் உங்க விதையைத்தான் போட்டேன். தோத்தது நெல்லு இல்ல, வயலு. ரெண்டு நெல்லையும் ஒரே வயல்ல பக்கம் பக்கமா போட்டாத்தானே எது உசத்தின்னு தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. அதற்குத் துணிச்சல் யாருக்கு உண்டு? காவல்காரன்தான் பந்தத்தைப் பிடித்தபடி கேட்டான்:

"எசமான், அப்ப அரண்மனைக் களஞ்சியத்துக்கா தீ வைக்கணும்?"