"இந்தா" என்றால் நாய் ஏன் தலையைச் சாய்க்கிறது?

அந்தக் காலத்தில் ஆடு மாடெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தன. அதிலும் வெள்ளாடு இருக்கிறதே, அது மனிதர்களோடு பழகிப் பழகி அவர்களைப் போலவே பேசும். சில சமயம் அவர்களைவிட அதிகமாகவே பேசும். நாய் மட்டும் அப்போதுதான் காட்டை விட்டு வந்திருந்தது. அதற்குத் தெரிந்தது காட்டுப் பேச்சு. அந்தப் பேச்சில் சொல் கிடையாது. வாலும் காதும் முகமும் முதுகும்தான் பேசும்.

ஆற்றங்கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த மூக்கன் என்பவனிடம் அப்படி ஒரு நாய் வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். மூக்கனுக்குப் பேருக்கு ஏற்றபடி மூக்குக்கு மேலே கோபம் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். அவன் பெண்டாட்டி சிட்டாயி முதல் நாளே கம்மங்களியில் ஒரு உருண்டை எடுத்து, "இந்தா" என்று நீட்டினாள். நாய் வாங்கிக்கொண்டது. மறுநாளும் "இந்தா" என்றாள். நாய் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் பேர் இந்தா என்று முடிவு செய்துகொண்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் சிட்டாயி மூக்கனையும் "ஏ, இந்தா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் குரல் கொடுத்தால் ஆற்றுப் பக்கமிருந்து புருஷன் வருவான், வேலிப் பக்கமிருந்து நாய் வரும். இருவரும் அவள் முன்னால் வந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"வெறகு எடுத்தாரத்தான் கூப்பிட்டேன்" என்பாள் சிட்டாயி.

நாய்க்கு விறகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாலை ஆட்டும். அவளுக்குச் சிரிப்பு தாங்காது. வந்ததற்காக அதற்கு ஒரு துளி களி கிடைக்கும். மூக்கனுக்கு விறகு.

"என்னைவிட அதுதான் சீக்கிரம் வருது" என்று அவன் முணுமுணுப்பான்.

"உனக்கும் ஒரு உருண்டை குடுத்தா நீயும் சீக்கிரம் வருவ" என்பாள் அவள்.

நாய் வந்த பிறகு நரிகள் கிடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குட்டி போட்ட ஆடுகள் நிம்மதியாகப் படுத்தன. இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் நாய் ஒரு ஓணானைத் துரத்திக்கொண்டு ஓடியதில் பால் கலயம் உருண்டுவிட்டது. சிட்டாயி ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போயிருந்தாள். மூக்கன் மழைக்காலத்துக்கு மேட்டு நிலம் பார்க்கப் போனவன், பொழுது சாயத்தான் திரும்பினான். கவிழ்ந்து கிடந்த கலயத்தையும் மண்ணில் காய்ந்துபோன பாலையும் பார்த்தான். கோபம் விறுவிறுவென்று ஏறியது. நாயோ வேலியோரமாக ஒரு வண்டோடு விளையாடிக்கொண்டிருந்தது. பால் சமாசாரத்தை அது காலையிலேயே மறந்துவிட்டது.

மூக்கன் ஒரு கையில் கம்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். இன்னொரு கையை நீட்டி, பெண்டாட்டியைப் போலவே குரலை இனிப்பாக்கிக்கொண்டு, "இந்தா… இந்தா…" என்றான்.

நாய் பறந்தடித்துக்கொண்டு வந்தது. கம்பு அதன் முதுகில் இறங்கியது.

நாய் தரையோடு தரையாகப் பதுங்கியது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டது. உதட்டை நக்கியது. பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

"அடி வாங்கும்போது கொட்டாவியா? அவ்வளவு திமிரா?" என்று மூக்கன் இன்னொன்று வைத்தான். நாய் வேலியைத் தாண்டி ஓடியே போய்விட்டது.

சிட்டாயி திரும்பி வந்து நடந்ததைக் கேட்டதும் கலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என் சொல்லை எடுத்தா அதை அடிச்ச? உனக்கு வேற சொல்லே கிடைக்கலையா?" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

"தப்பு செஞ்சா அடிக்க வேண்டாமா? செஞ்சது அதுக்கே தெரியும். மூஞ்சியைத் திருப்பிக்கிச்சே!" என்றான் மூக்கன்.

கிடையில் சுட்டி என்று ஒரு வெள்ளாடு இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஆடு. நாய் பேச்சும் அதற்கு அத்துப்படி, மனிதப் பேச்சும் அத்துப்படி. அசை போடுவதை நிறுத்திவிட்டு அது சொன்னது:

"மூக்கா, அது திமிரும் இல்ல, தப்பை ஒத்துக்கிட்டதும் இல்ல. 'எனக்குப் பயமா இருக்கு, சண்டை வேண்டாம்'னு சொல்லியிருக்கு. காட்டுப் பேச்சுல முகத்தைத் திருப்புறது மரியாதை. கொட்டாவி விட்டா சமாதானம். சமாதானம் கேட்டதுக்கு நீ இன்னொரு அடி குடுத்திருக்க."

"பாலுக்குத்தானே அடிச்சேன்?"

"பால் கொட்டினது காலையில. அடி விழுந்தது சாயங்காலம். நடுவுல அது என்ன செஞ்சுது? நீ கூப்பிட்டதும் ஓடி வந்துச்சு. வந்ததுக்குத்தான் அடின்னு அது நெனச்சுக்கிச்சு. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்."

மூக்கன் கவிழ்ந்து கிடந்த கலயத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தான். கோபம் போய்விட்டது. ஆனால் அது செய்துவிட்டுப் போன வேலை அப்படியே இருந்தது.

நாய் ஒரேயடியாகப் போய்விடவில்லை. தூரத்தில் ஒரு வேல மரத்தடியில் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே கிடையைக் காவல் காத்தது. நரி வாடை வந்தால் அங்கிருந்தே குரைத்தது. ஆனால் சிட்டாயி களியோடு போய் "இந்தா" என்றால் எழுந்து இன்னும் தள்ளிப் போனது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்வதையே விட்டுவிட்டாள். மூக்கனைக் கூப்பிடவும் அவளிடம் வேறு சொல் இல்லை. அதனால் அவனையும் கூப்பிடவில்லை. கஞ்சியை வைத்துவிட்டுக் கரண்டியால் சட்டியைத் தட்டுவாள். மூக்கனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மேற்கே மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் செந்தண்ணீர் வர ஆரம்பித்தது. வெள்ளம் பெருகுவதற்குள் அக்கரை மேட்டுக்குப் போயாக வேண்டும். இக்கரை முழுக்க முங்கிவிடும். சிட்டாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். இறங்குமுன் வேல மரத்தடியைப் பார்த்தாள்.

"அது வராம அந்தக் கரையில அடுப்பு எரியாது" என்று மட்டும் சொன்னாள்.

சுட்டியும் போகிற போக்கில் மூக்கன் பக்கம் திரும்பியது. "நான் வந்து சொல்லுவேன்னு நிக்காத. அடிச்சது நீ. நீயே அதுகிட்ட பேசு. அதோட பேச்சுல பேசு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டது.

மூக்கன் தனியாக நின்றான். நாயைப் பார்த்துக் கத்திக் கூப்பிட்டான். நாய் பின்வாங்கியது. ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்த்தான். அது இன்னும் விலகியது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அப்போதுதான் தன் கையில் கம்பு இருப்பதைப் பார்த்தான். ஆடு மேய்க்கிறவனுக்குக் கம்பு கையோடு சேர்ந்த மாதிரி, இருப்பதே தெரியாது. அதை ஆற்றில் வீசி எறிந்தான். நாய் அது மிதந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு மூக்கன் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்தான். நாய்க்கு நேராக அல்ல, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தான். அதன் கண்ணைப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. நாய்க்கென்று மடியில் கட்டி வைத்திருந்த களியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, உதட்டை நக்கி, வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான். அதுதான் அவன் காட்டுப் பேச்சில் பேசிய முதல் வார்த்தை.

நாய் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அதுவும் கொட்டாவி விட்டது.

நேராக வராமல், தரையை மோந்துகொண்டு வளைந்து வளைந்து வந்தது. கொஞ்சம் வரும், நிற்கும். தண்ணீர் மூக்கனின் இடுப்புக்கு ஏறிவிட்டது.  ஆனாலும் கையை நீட்டிப் பிடிக்கவில்லை. கை எட்டுகிற தூரத்துக்குச் சற்று முன்னால் நாய் நின்றுவிட்டது. அவனுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையோடு மெதுவாகச் சொன்னான்: "இந்தா."

நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்தது. அதே சொல். அன்று அடி விழுந்ததும் இதே சொல்லில்தான், களி கிடைத்ததும் இதே சொல்லில்தான். எது உண்மை? மடங்கிய காதைத் தூக்கிக் குரலைக் கேட்டது. தலையை மறுபக்கம் சாய்த்தது. முகத்தைப் பார்த்தது, கையைப் பார்த்தது. குரலுக்குள் கம்பு இல்லை.

வந்து களியைத் தின்றது. தின்றுவிட்டு, காலியான கையையும் நக்கியது.

இருவரும் சேர்ந்தே நீந்தினார்கள். அக்கரையில் சிட்டாயி இரண்டு தலைகள் மிதந்து வருவதைப் பார்த்தாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த சொல் அவளை அறியாமலே வாயிலிருந்து வெடித்தது: "ஏ, இந்தா!"

கரையேறிய இருவரும் நின்றார்கள். தன்னையா, இன்னொருவரையா என்று இருவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். சிட்டாயி அழுதுகொண்டே சிரித்தாள். "ரெண்டு பேரையும்தான்" என்றாள். அடுப்பு எரிந்தது.

சுட்டி இதைப் பார்த்துவிட்டு, இனி இவர்களுக்கு நடுவில் நமக்கென்ன வேலை என்று வாயை மூடிக்கொண்டது. மற்ற ஆடுகளும் அதைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டன. ரொம்பக் கட்டாயம் என்றால் "மே" என்பதோடு சரி.

நாய் பேச்சை எடுத்துச் சொல்ல இப்போது நமக்கு ஆடு இல்லை. அதனால் நாய்தான் நம்மைக் கவனித்துக் கவனித்துப் புரிந்துகொள்கிறது. அன்று முதல்தான், எவ்வளவு பிரியமானவர் கூப்பிட்டாலும் நாய் ஒரு நொடி தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. நாம் சொல்வது அதற்குத் தெரியும். சொல்லுக்குள் கம்பு இருக்கிறதா, களி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.