ஓமத் தண்ணீருக்குச் சாட்சி

மொச்சைக் குழம்பு சாப்பிட்ட ராஜாவுக்கு வயிறு பானையாக உப்பிவிட்டது. சமையற்காரி பூவாயி கொடுத்த ஓமத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்.

அரண்மனை வைத்தியர் மகரபூஷணத்துக்குப் பொறுக்கவில்லை. "குணமாக்கியது சற்றுமுன் நான் கொடுத்த லேகியம். ஓமம்தான் என்றால் இவள் இப்போதே நிரூபிக்கட்டும். இல்லையென்றால் நாடு கடத்துங்கள்."

ராஜா தலையாட்டினார். காவலர்கள் நெருங்கினார்கள்.

ராஜா உண்ணுமுன் வைத்தியர் ருசி பார்ப்பது வழக்கம். இன்று மூன்று கிண்ணம் ருசி பார்த்தவர் ரகசியமாக வயிற்றைத் தடவுவதைப் பூவாயி கவனித்தாள்.

"நீங்களும் அதே குழம்புதானே சாப்பிட்டீங்க, சாமி? உங்க லேகியத்தையே சாப்பிடுங்க. நாங்க காத்திருக்கோம்" என்றவள், பக்கத்தில் ஒரு செம்பு ஓமத் தண்ணீரையும் வைத்தாள்.

லேகியம் உள்ளே போனது. ஒரு நாழிகை கழிந்தது. வைத்தியருக்கு நெற்றி வேர்த்தது, முதுகு வளைந்தது. யாரும் சொல்லாமலே அவர் கை செம்பைப் பிடுங்கியது.

கொஞ்ச நேரத்தில் சபை அதிர ஓர் ஏப்பம் எழுந்தது.

"சாட்சி சொல்லியாச்சு" என்றார் ராஜா.