பன்னிரண்டு மில்லிமீட்டர்

“படம் பொய் சொல்லுது மேடம்” என்றார் அருளப்பன்.

மெஹருன்னிசா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அருளப்பன் இருபது வருஷமாக நெஞ்சைத் திறந்து நுரையீரல் ஆபரேஷன் செய்தவர். கைராசிக்காரர் என்று திருநெல்வேலிப் பக்கம் நல்ல பேர். மூன்று சிறிய துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தே அறுக்கும் வித்தையை ஐம்பது வயதில் கற்க வந்திருந்தார்.

கற்றுத்தரும் மெஹருன்னிசா அவரைவிடப் பதினோரு வயது இளையவர். அதில் அருளப்பனுக்குக் கூச்சம் இல்லை. தப்பு செய்வதில்தான் கூச்சம்.

“எந்தப் படம்?”

“நீங்க பார்த்துட்டு வரச் சொன்ன படந்தான்.”

ஸ்கேனிலிருந்து கம்ப்யூட்டர் செய்து தரும் முப்பரிமாணப் படம் அது. நோயாளியின் நுரையீரலை மாம்பழத்தைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ரத்தக்குழாய்க்கு ஒரு நிறம், மூச்சுக்குழாய்க்கு ஒரு நிறம், புற்றுக்கட்டிக்கு ஒரு நிறம்.

அருளப்பன் பார்த்ததோடு விடவில்லை. கிளைக்கும் கிளைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று திரையிலேயே அளந்து, எழுதி, மனப்பாடமும் செய்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அவ்வளவு படித்திருக்க மாட்டார்.

“நேத்து ஆபரேஷன்ல உள்ள போனா, பன்னிரண்டு மில்லிமீட்டர்ல இருக்க வேண்டிய கிளை அங்க இல்ல. அந்த இடத்துல வேற குழாய். நீங்க மட்டும் கையைப் பிடிக்கலேன்னா அதை வெட்டியிருப்பேன்.”

அவர் பயந்துபோயிருந்தார்.

“சரி, இப்ப என்ன செய்யலாம்ங்கறீங்க?”

அருளப்பன் மறுநாளைய ஆபரேஷன் பட்டியலை நீட்டினார். பரமானந்தம், பஸ் கண்டக்டர், ஐம்பத்தாறு வயது. வலது நுரையீரலின் மேல் மடலில் சுண்டைக்காய் அளவு கட்டி. ‘கட்டி உள்ள சிறு பகுதி மட்டும்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘மேல் மடல் முழுவதும்’ என்று எழுதியிருந்தார்.

“முழுசா எடுத்துட்டா அந்தச் சின்னக் கிளைங்களைத் தேடவே வேண்டாம்.”

“அவருக்கு இடது பக்கம் எப்படி?”

“பழைய டி.பி. பாதி போச்சு.”

“இதுவும் போனா?”

அருளப்பன் தான் அடித்திருந்த வரியைப் பார்த்தார்.

“நாலு படி ஏறினா இரைக்கும். வேலைக்குப் போக முடியாது.”

“அவரு உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?”

“‘திரும்ப டூட்டிக்குப் போயி விசில் ஊதுவேனா சார்’னு கேட்டாரு.”

“நீங்க?”

“ஊதலாம்னு சொல்லிட்டேன்.”

மெஹருன்னிசா பட்டியலை வாங்கி மேசையில் வைத்தார். பேனாவையும் எடுத்தார்.

“கையெழுத்துப் போடறேன் சார். அதுக்கு முன்னால மூச்சை நல்லா இழுங்க.”

இழுத்தார்.

“அப்படியே பிடிச்சுக்கோங்க.”

பிடித்தார். குரு சொன்னால் கேட்க வேண்டியதுதானே.

மெஹருன்னிசா டீயை ஒரு மடக்கு குடித்தார். ஜன்னல் வழியே பார்க்கிங்கை வேடிக்கை பார்த்தார். இன்னொரு மடக்கு குடித்தார்.

அருளப்பனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. மூன்றாவது மடக்குக்கு டம்ளர் உயர்ந்தபோது புஸ்ஸென்று விட்டுவிட்டார். நெஞ்சு அமுங்கி, விறைத்து நின்ற சட்டை தொளதொளவென்று ஆனது.

“ஏன் விட்டுட்டீங்க?”

“எவ்வளவு நேரந்தான் பிடிச்சுட்டு இருக்கிறது மேடம்!” அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“ஸ்கேன் எடுக்கிறப்ப பரமானந்தத்தையும் இப்படித்தான் பிடிக்கச் சொன்னாங்க. படத்துல அவரு இன்னும் விடவே இல்ல.”

அருளப்பன் குனிந்து தொளதொளத்த தன் சட்டையைப் பார்த்தார்.

“நாளைக்கு மேசையில படுக்க வெச்சதும், கேமராவை விடறதுக்கு முன்னால, அந்த நுரையீரல்ல இருக்கிற காத்தை இறக்கச் சொல்லப்போறது யாரு சார்?”

வெளியே ஏதோ ஒரு கார் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

“நான்தான்” என்றார் அருளப்பன். “காத்து இறங்கினா அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டரும் சுருங்கிடும்.”

பிறகு, “அந்தப் பட்டியலை இப்படிக் குடுங்க மேடம்” என்றார்.