காலடியில் படுத்த வேட்டைநாய்

"நாயா? என் காலடியிலா?"

"மகாராஜா, எங்க தொழில்ல நாய்னா விசுவாசம். படத்துல அந்த நாய்னா தங்கள் குடிகள்..."

"கேட்டீர்களா பிரபு! குடிகளை நாய் என்கிறான்!" என்று நடுவில் புகுந்தார் பிரதானி திருமலையப்பர்.

வெகுகாலத்துக்கு முன்னால், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில் நடந்த சங்கதி இது. தன் உருவத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி, மை பூசி, தாளில் ஒற்றி நாடெங்கும் அனுப்ப அரசருக்கு ஆசை வந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து இன்னாசி வந்தான். கப்பல்காரர்கள் கொண்டுவந்த படங்களைப் பார்த்துத் தொழில் பழகியவன். அந்தப் படங்களில் பிரபுக்களின் காலடியில் நாய் படுத்திருக்கும். இவனும் அரண்மனை வேட்டைநாயை அப்படியே படுக்க வைத்துச் செதுக்கிவிட்டான்.

"இவன் கட்டைவிரலை வெட்டுங்கள்!" என்றார் அரசர்.

அரசவை விகடகவி சொக்கேசன், இன்னாசியின் கையைப் பார்த்தான். விரல்களெல்லாம் மை படிந்திருந்தன. கட்டைவிரல் போனால் இவன் எதைக்கொண்டு உளி பிடிப்பான்?

"தாராளமாக வெட்டலாம், மகாராஜா. அதற்குமுன் பிழையை இவன் கையாலேயே திருத்திக்கொள்வோமே. நாய்க்குப் பதில் எது இருக்கட்டும்?"

"சிங்கம்!" பிரதானி முந்திக்கொண்டார். "அதுவே பிரபுவின் வீரத்துக்கு அடையாளம்."

"பலே! ஆனால் இவன் கண்ணால் பார்த்ததைத்தான் செதுக்குவான்."

மறுநாள் சிங்கக் கூண்டு சபைக்கு வந்தது. அரசர் அமர்ந்தார். படத்தில் தாங்களும் விழலாமென்று பிரதானியும் மற்றவர்களும் அவரை ஒட்டி நின்றார்கள். வேட்டைநாய் தன் வழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டது.

சொக்கேசன் கூண்டின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"அடே, என்ன செய்கிறாய்?" என்று அலறினார் பிரதானி.

"கூண்டோடு செதுக்கினால் மகாராஜாவின் வீரம் சிறையில் கிடக்கிறதென்று ஊர் பேசாதா, சுவாமி? நீங்கள் கொஞ்சம் சிங்கத்தின் பிடரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. அவ்வளவுதான், சபை காலி. தலைப்பாகைகள் மட்டும் தரையில் உருண்டன. பிரதானி குரங்குபோலத் தூணில் பாதி உயரம் ஏறிவிட்டார். அரசருக்குக் கால்கள் எழவில்லை. நாய் மட்டும் எழுந்தது. உடம்பெல்லாம் நடுங்க, அவருக்கும் கூண்டுக்கும் நடுவில் போய் நின்று உறுமியது.

சொக்கேசன் கையை எடுத்தான். தாழ்ப்பாள் பாதிகூட நகர்ந்திருக்கவில்லை.

"மகாராஜா, இப்போது இவன் எதைச் செதுக்கட்டும்?"

அரசர் நாயைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசன் கழுத்தில் போட்டார்.

"நாய் இருக்கட்டும், இன்னாசி. உன் விரலும் இருக்கட்டும். அந்தத் தூணையும் விட்டுவிடாதே. உள்ளது உள்ளபடி செதுக்கு!"

இன்னாசி உளியை எடுத்தான். தூணிலிருந்து ஒரு மெல்லிய குரல் இறங்கி வந்தது.

"இன்னாசி... ஐயா... என்னை வேண்டுமானால் செதுக்கிக்கொள்ளப்பா. வால் மட்டும் வைக்காமல் விட்டுவிடுவாயா?"