வெந்நீர் ஊற்றிய பாத்தி

ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவுக்கு மேலே, ஓடை வளைகிற இடத்தில் ஒரு வீடு. வீட்டைவிடத் தோட்டம் பெரியது. அங்கே இருந்த பெண்மணியை ஊரார் தோட்டத்தம்மா என்றார்கள். வயது நாற்பதுக்குள்தான். கேள்வியோடு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பியதில்லை. பதிலோடு அனுப்பியதும் அபூர்வம்.

கார்த்திகைக் கடைசியில் நாச்சிமுத்து மலையேறி வந்தார். அந்தியூர்ப் பக்கம் மாட்டுத் தரகர். அறுபதைத் தாண்டியவர். கும்பிட்ட கை இறங்கும் முன்பே பேரத்தை ஆரம்பித்துவிட்டார்.

"ஒரே ஒரு கேள்விதானுங்க அம்மணி. பதிலைச் சொல்லிப்போட்டீங்கன்னா அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிருவேன்."

"கேளுங்க ஐயா."

"தம்பி மகளுக்குத் தை மாசம் கல்யாணம். என் தோள்மேல வளர்ந்த புள்ளை. ஊரையே கூப்பிட்டவன் என்னைக் கூப்பிடலை. பேச்சு நின்னு பல வருசம் ஆச்சுங்க. கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதா, வேண்டாமா?"

தோட்டத்தம்மா வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை. காற்றும் இல்லை.

"உறைபனி விழப் போகுது. தோட்டத்தை மூடணும். கூட ஒரு கை பிடிங்க."

"போறதா வேண்டாமான்னுதானுங்க கேட்டேன்."

"அந்தப் பூந்தொட்டியைத் தாழ்வாரத்துக்குள்ள வைங்க. பார்த்து. விளிம்பு உடைஞ்சிருக்கு."

நாச்சிமுத்து தொட்டியைத் தூக்கினார். அன்று பஸ் போய்விட்டது.

மறுநாளும் அதே வேலை. டேலியாக் கிழங்குகளைத் தோண்டி, மண்ணை உதறி, சாக்கில் கட்டி அடுப்படிப் பக்கம் வைத்தார்கள். வாசல் குழாயில் நின்ற தண்ணீரை, உறைந்துவிடாதபடி இறக்கிவிட்டார்கள். கோழிக்கூண்டுக்கு வைக்கோல் போட்டார்கள். சாயங்காலம் செடிகளுக்கு மேல் மிலாறு சாய்த்தார்கள். மிலாறு என்றால் காட்டுப் புதரிலிருந்து இலையோடு ஒடித்த சிறு கிளைகள். குடிசை போலச் சாய்த்தால் பனி கிளையோடு நின்றுவிடும்.

விடிந்து வெயில் வந்ததும் தோட்டத்தம்மா எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்.

"நேத்துத்தானே மூடினோம்?"

"ஆமா."

"சாயங்காலம் மறுபடி மூடணுமா?"

"ஆமா."

"இது என்னங்க கூத்து? மூடினது மூடினபடியே இருந்துட்டுப் போகட்டுமே!"

"வெயில் வேண்டாமா அதுகளுக்கு?"

நாச்சிமுத்துக்குப் புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்ளவும் தெரியாது. ஊட்டிக்குப் போய்த் தடித்த பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்தார். ரோஜாச் செடிகளை அதில் இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டினார். மாட்டை லாரியில் ஏற்றிக் கட்டுகிற கட்டு.

"இனி எந்தப் பனி வருதுன்னு பார்க்கறேன்."

மறுநாள் பிரித்தபோது, தாள் ஒட்டியிருந்த இலையெல்லாம் கருகியிருந்தது. ஒட்டாத இலை பச்சையாக இருந்தது.

"மூடினது தப்புங்களா?"

"இல்லை."

"மூடாம விட்டிருக்கணுமா?"

"இல்லை. தள்ளிக் கட்டுங்க."

கட்டிக்கொண்டே தோட்டத்தம்மா கேட்டார். "தம்பிகிட்ட என்ன சண்டை?"

"சந்தையில துண்டைப் போட்டு மூடி, அதுக்கடியில விரலைப் பிடிச்சுத்தானுங்க நாங்க விலை பேசுவோம். வாய் திறக்கறதில்லை. ஒரு காளையை வித்துக் கொடுக்க நான் விரலைப் பிடிச்சிருந்தேன். வேலப்பன், என் சொந்தத் தம்பி, கூட்டத்துக்கு நடுவுல வந்து 'அண்ணா, அந்த மாடு நொண்டுது'ன்னுட்டான். என் மானம் போச்சுங்க. இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னேன். நீயும் என் வாசப்படி மிதிக்காதேன்னேன்."

"மாடு நொண்டுச்சா?"

"அது வேற விசயமுங்க."

தோட்டத்தம்மா சிரிக்கவில்லை. கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.

"அவன்தானே முதல்ல வரணும்? யாரு முதல்ல இறங்கி வர்றாங்களோ அவங்களுக்குத்தான் நட்டம். நாப்பது வருசத் தொழில் அம்மணி. எனக்குத் தெரியாதா?"

பான்சிப் பூ நாற்றுப் பாத்திக்கு மட்டும் மிலாறு போதவில்லை. அன்று மத்தியானம், மிலாறு ஒடித்து விற்கிற கெப்பியம்மாள் ஒரு தலைச்சுமை கொண்டுவந்தாள். வேலியோரம் நின்று விலையைச் சொன்னாள். நாச்சிமுத்து முன்னால் போய் நின்றார். பாதி விலைக்குக் கேட்டார்.

"காட்டுல சும்மா கிடக்கற குச்சிக்கு இந்த விலையா?"

"சும்மாதான் கிடக்குது. நீங்களே போய் எடுத்துக்கங்க சாமி" என்றாள் கெப்பியம்மாள். சுமையை இறக்கவே இல்லை. நடந்துவிட்டாள்.

தோட்டத்தம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவலைப்படாதீங்க" என்றார் நாச்சிமுத்து. "அந்தத் திருப்பம் தாண்ட மாட்டா. தானா இறங்கி வருவா பாருங்க."

அவள் திருப்பத்தைத் தாண்டினாள். பொழுதும் சாய்ந்தது. கெப்பியம்மாள் திரும்பி வரவில்லை. பாத்தி திறந்தே கிடந்தது.

விடிந்து பார்த்தால் தோட்டம் முழுக்க உப்புக் கொட்டியது போல வெள்ளை. மிலாறுக்கு அடியில் இருந்தவை பச்சையாக இருந்தன. பான்சி நாற்றுகள் ஒவ்வொன்றும் விறைத்துக் கண்ணாடி போல நின்றன. வெயில் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

நாச்சிமுத்து ஓடினார். அடுப்பைப் பற்றவைத்து ஒரு குண்டா நிறைய வெந்நீர் போட்டார். ஆவி பறக்கத் தூக்கி வந்து பாத்தியின் ஒரு கோடியிலிருந்து ஊற்றினார். பனி நொடியில் கரைந்தது. நாற்றுகள் பச்சையாகத் தெரிந்தன.

"வாங்கடா கண்ணுகளா, வாங்க!" என்றார். பாதிப் பாத்தியில் குண்டா காலியானது. மறு குண்டா கொண்டுவரத் திரும்பினார்.

தோட்டத்தம்மா மறுகோடியில் குனிந்து நின்றார். கையில் பூவாளி. கிணற்றுத் தண்ணீர்.

"ஐயோ, குளிருக்கே குளிரையா ஊத்தறீங்க? செத்துப்போயிருமுங்க!"

அவர் ஊற்றிக்கொண்டே வந்தார். பனி மெல்ல மெல்ல இறங்கியது. நாச்சிமுத்துக்கு ஆத்திரம் வந்தது. உதவிக்கு வந்த மனிதனின் கண்முன்னால் ஒரு பொம்பளை நாற்றைக் கொல்கிறாள் என்று தோன்றியது. குண்டாவை ணங்கென்று கீழே வைத்தார்.

மத்தியானம் பார்த்தபோது வெந்நீர் விழுந்த பாதி வெந்த கீரை போலச் சுருண்டு கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் விழுந்த பாதி தலை தூக்கி நின்றது.

நாச்சிமுத்து பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டார். சுருண்ட ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தார். அது விரலோடு வந்தது.

"பனி குளிரு. தண்ணியும் குளிரு. காப்பாத்தணும்னு ஓடின நான் கொன்னு போட்டேன். நீங்க சும்மா ஊத்தினீங்க, பொழைச்சுக்கிச்சு. மூடுன்னீங்க, மூடினேன். திறன்னீங்க, திறந்தேன். எனக்கு ஒண்ணும் விளங்கலைங்க. நல்லது செய்யப் போனா அதுவும் தப்பாப் போகுதே?"

தோட்டத்தம்மா வாடியதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

"நானும் பிடுங்கட்டுங்களா?"

"பிடுங்குங்க."

இருவரும் பிடுங்கினார்கள். வேலியோரம் கெப்பியம்மாள் சுமையோடு வேறு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து எழுந்து அவளைப் பார்த்தார். வாய் திறந்தார். மூடினார். பிறகு வேலிக்குப் போய், "அம்மா, ஒரு சுமை வேணும். நீ சொன்ன விலைதான்" என்றார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்குக் கொண்டாறேன். இது வாக்குக் கொடுத்தது."

நாச்சிமுத்து திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். சட்டென்று நிமிர்ந்தார்.

"சரிங்க அம்மணி, முடிவு பண்ணிட்டேன். போறேன். ஆனா சும்மா போக மாட்டேன். மேளத்தோட போறேன். புள்ளைக்குப் பவுன்ல சங்கிலி, பட்டு, சீர்த்தட்டு வரிசை, எல்லாத்தையும் கொண்டுபோய் வேலப்பன் வாசல்ல இறக்கறேன். ஊரே பார்க்கட்டும். அவன் மூஞ்சியை எங்கே வெச்சுக்குவான்னு பார்க்கறேன்!"

தோட்டத்தம்மா குனிந்தார். சுருண்ட நாற்றுகளை அள்ளிக் காலிக் குண்டாவில் போட்டு, அவர் கையில் கொடுத்தார்.

நாச்சிமுத்து குண்டாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மேளமும் சீர்த்தட்டும் அவர் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. குரல் தாழ்ந்தது.

"அப்போ வெறுங்கையோடவா போறது? கூப்பிடாத வீடுங்க. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு நாலு பேர் முன்னால சொன்னவன் நான். வேலப்பன் வெளியே வந்து 'என்ன'ன்னு கேட்டா, நான் என்னத்தைச் சொல்றது?"

தோட்டத்தம்மா கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"தாகமா இருக்குன்னு சொல்லுங்க."