இரவல் போன முத்திரை

நாம் யாரும் பிறந்திராத காலம். கடலுக்கு அப்பால் ரோமாபுரி கொடிகட்டிப் பறந்த காலம். அந்த ஊர்க் கருவூலத்தில் நுமேரியுஸ் என்றொரு இளநிலை அதிகாரி இருந்தான். வரி கட்டாதவர் வீட்டுக் கதவில் மெழுகு வைத்து, தன் மோதிரத்தால் முத்திரையிடுவது அவன் வேலை. விசாரணை முடியும்வரை உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. அதற்குமுன் முத்திரையை உடைப்பவன் யாரானாலும் ஊரைவிட்டே போகவேண்டும்.

ஒருநாள் உச்சிவேளை. நுமேரியுஸ் குனிந்து வேலையாக இருந்தான்.

"மோதிரத்தைக் குடுப்பா. இந்த வெயில்ல நீ வேற எதுக்கு அலையணும்?"

உடன் வேலை செய்யும் விபியுஸின் குரல். நிமிராமலே கழற்றி நீட்டினான். திரும்பி வந்த மோதிரம் ஈரமாக, சில்லென்று இருந்தது.

அன்று ஒரு விதவையின் கதவில் முத்திரை விழுந்தது. "ஐயா, நான் கட்டிட்டேனே!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

"என் முத்திரை பொய் சொல்லாது," என்று சொல்லிவிட்டுப் போனான் அவ்வழியே வந்த நுமேரியுஸ்.

மறுநாளும் அதே குரல். நிமிராமலே நீட்டினான். ஒரு குயவன் கதவில் முத்திரை விழுந்தது. உள்ளே குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுதன. "என் முத்திரை பொய் சொல்லாது."

மூன்றாம் நாளும் அதே குரல். நிமிராமலே நீட்டினான். மாலையில் வீடு திரும்பினால், முத்திரை அவன் கதவிலேயே இருந்தது!

"கூப்பிடு அந்த விபியுஸை!" என்று அலறினான்.

கூட வந்த காவலன் திருதிருவென விழித்தான். "அவர் போன வாரமே ஆத்துல மூழ்கிட்டாரேங்க. நான்தான் வந்து சேதி சொன்னேன். நீங்க நிமிரவே இல்ல. 'சரி சரி'ன்னீங்க."

உள்ளிருந்து மனைவியின் குரல் நடுங்கியது. "உங்க சிநேகிதர் இங்கதாங்க உட்கார்ந்திருக்கார். தலையிலேருந்து தண்ணி சொட்டுது. குழந்தையையே பார்த்துக்கிட்டிருக்கார்."

நுமேரியுஸ் மெழுகின்மேல் கை வைத்தான்.

"வரிசையா வாப்பா," என்றது உள்ளிருந்து அந்தக் குரல். "உனக்கு முன்னால ரெண்டு கதவு இருக்கு."

குழந்தையை அதனிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆனாலும் ஓடினான்.

முத்திரையை உடைத்து விதவையின் கதவைத் திறந்தான். "முத்திரை என்னுது, தப்பும் என்னுது," என்று தெருவே கேட்கச் சொன்னான். குயவன் கதவைத் திறந்தான். அங்கேயும் அதையே சொன்னான். பிறகுதான் தன் கதவைத் திறந்தான்.

மனைவியும் குழந்தையும் மட்டுமே இருந்தார்கள். எதிரே ஒரு முக்காலி நனைந்து கிடந்தது.

சட்டம் சட்டம்தான். அன்றே மூவரும் ஊரைவிட்டுப் போனார்கள். வழியெல்லாம் குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து, யாருக்கோ கையசைத்துக்கொண்டே வந்தது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: தன் பொறுப்பை முகம் பாராமல் பிறர் கையில் கொடுப்பவன், அந்தக் கை செய்யும் கொடுமைக்கும் பொறுப்பாளி ஆகிறான்.