பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது

“எவனோ ஒரு படுபாவி எங்கேயோ உக்காந்துக்கிட்டு அப்டேட்டுன்னு ஒண்ணை அனுப்பி, என் மகளை என் கடையை விட்டே விரட்டிட்டான் டீச்சர். அவன் பேரு எனக்கு வேணும்!”

வெள்ளத்துரை தோளில் சுமந்து வந்த கம்ப்யூட்டரை மெஹர் டீச்சரின் மேசையில் இறக்கினார்.

ஆறாம் வகுப்போடு மூட்டை தூக்கப் போனவர். வாயாலேயே முட்டி மோதி ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்தவர். ஐம்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் பழகியது, தன்னைவிடப் பத்து வயது இளைய இந்த டீச்சரிடம். ஊரில் அவர் குரல் இறங்குகிற இடம் இது ஒன்றுதான்.

இன்று இங்கேயும் இறங்கவில்லை.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“லினக்ஸ் மெஷின். எம்மக கோமதிதான் டிசைன் பண்ணுவா. திங்கக்கிழமை அப்டேட் ஓடி முடிஞ்சதும் படம் போயிட்டு. வெறும் கறுப்பும் எழுத்தும். மறுநாள் லாகின் திரை பழையபடி வந்துட்டு. ஆனா அவ பாஸ்வேர்டு போட்டா உள்ள விட மாட்டேங்கு. நான்தான் பூட்டிட்டேன்னு சொல்லுதா.”

“ஏன் அப்படிச் சொல்லுதா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை போர்டு அடிக்க வந்த ஒரு பார்ட்டி முன்னால, ‘மெஷின் என்னுது, நீ உக்காந்து அடிக்கிறவதான்’னு சொல்லிட்டேன்.”

டீச்சர் மெஷினுக்கு ஒயரைச் சொருகினார்.

“ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கோயம்புத்தூர் போறா. அங்க வேலை பாத்துட்டா. நான் பூட்டலைன்னு சாமி மேல சத்தியம் பண்ணினேன், நம்பலை. அந்தப் பய பேரைக் கொண்டுபோய் அவ முன்னால வச்சாத்தான் நிப்பா.”

டீச்சர் மெஷினைப் போட்டார்.

“தப்பான பாஸ்வேர்டு ஒண்ணு போடுங்க.”

போட்டார். தவறு என்றது மெஷின்.

“இப்ப சரியானது.”

மகளின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். கடையில் அவர் திறக்க முடியாத பூட்டு கிடையாது.

திரை ஒரு கணம் கறுத்தது. மறுபடியும் அதே லாகின் திரை. ஒரு வார்த்தை இல்லை.

“தப்புன்னாலாவது திட்டுது. சரின்னா மூஞ்சியக்கூடப் பாக்காம வெளிய தள்ளுது! இது என்ன நியாயம்?”

“உங்க கடை மெஷின்தானே.”

டீச்சர் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். படம் போய் எழுத்து மட்டும் நின்றது.

“இது பக்கவாசல். இங்க அதையே போடுங்க.”

விட்டது.

“பாஸ்வேர்டும் சரி, ஆளும் சரி. உள்ளேதான் யாரோ மறிக்காங்க.”

கோமதியின் ஃபைல்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உடையவர் பெயர். கோமதி, கோமதி, கோமதி. ஒன்றில் மட்டும் ரூட்.

“யாரு அந்த ரூட்டு?”

“மெஷினுக்கே முதலாளி. கோமதியோட திரையைத் திறக்கிற அனுமதி இந்த ஃபைல்லதான் இருக்கு. இப்ப அது முதலாளி பேர்ல கெடக்கு. அவளாலயே தொட முடியாது.”

“அப்டேட்டுக்காரன் வேலை!”

“மெஷின் எழுதி வச்சிருக்கும்.”

இருந்தது. திங்கட்கிழமை, மதியம் ஒன்று இருபது. முதலாளி அதிகாரத்தில் திரையைத் திறக்கச் சொல்லி ஒரு கட்டளை; அந்த ஃபைல் முதலாளி பேருக்கு மாறியதும் அதே நிமிடம். கொடுத்தவர் பெயர்: கோமதி.

வெள்ளத்துரை மேசையில் ஓங்கி அடித்தார்.

“பாத்தீங்களா! அவளே பண்ணிக்கிட்டு என் மேல பழியப் போடுதா!”

“ஒண்ணு இருவதுக்குக் கோமதி எங்க இருப்பா அண்ணாச்சி?”

“வீட்டுக்குச் சாப்பிட…”

அடித்த கையை மேசையிலிருந்து எடுத்தார்.

அந்தத் திங்கட்கிழமை, போர்டு கேட்டு ஒரு பார்ட்டி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். எழுத்துத் திரையில் லாகின் செய்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள் கோமதி. அவள் நாற்காலி காலி. செல்போன் வீடியோவில் எவனோ சொன்ன கட்டளையை வெள்ளத்துரைதான் அதில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தார். மெஷின் பாஸ்வேர்டு கேட்டது. அவளுடையதைப் போட்டார். படம் வந்துவிட்டது. “முதலாளின்னா யாருன்னு நெனச்சே!” என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தார்.

டீச்சர் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“முதலாளி பேரை எடுத்துட்டு, அவ பேரைப் போடுங்க.”

டீச்சர் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் அடித்தார். லாகின் திரைக்குத் திரும்பிப் பாஸ்வேர்டைப் போட்டார்.

திறந்தது. கோமதி பாதியில் விட்டிருந்த காதணி விழா போர்டு, அவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

மணி ஒன்று ஐம்பது. போன் போட்டார். ஸ்பீக்கரில் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவுவது முதலில் கேட்டது.

“கோமதி, மெஷின் திறந்துட்டு. வீட்டுக்கு வாம்மா.”

“யாரு பூட்டுனதாம்?”

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது… அந்த அப்டேட்டுல…”

மறுமுனையில் பஸ் உறுமியது.

“சரிப்பா. அப்டேட்டை அனுப்புனவனையே பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்க. என் முகத்தைப் பாத்து அவன் வாயால சொல்லட்டும். இன்னும் எட்டு நிமிஷம் பஸ் நிக்கும்.”